நான்காவது தட்டல்

மோட்டார் சூடாக இருந்தது.

ஒரு மாதமாகப் பரணில் கிடந்த சாமான். பிளக்கின் முனையில் தூசி படிந்திருந்தது, வயரைச் சுற்றிக் கட்டிய சணல்கூட அவிழவில்லை. காலையில் ஏணி போட்டு இறக்கி, கூடத்தின் நடுவில் வைத்துவிட்டுத்தான் கணவர் வேலைக்குப் போனார். இப்போது மணி ஒன்று. நான்கு திருகாணிகளைக் கழற்றி, அந்தப் பழைய வாக்குவம் கிளீனரின் சிவப்பு மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்த மோட்டாரை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கினால் உள்ளங்கையில் ஒட்டுமே ஒரு வயிற்றுச் சூடு, அந்தச் சூடு. அப்படியே நின்றுவிட்டாள்.

பரண் மொட்டைமாடிக்கு நேர் கீழே. வெயில் சூடு இறங்கியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பதில் கண்டுபிடிப்பதில் அவள் என்றைக்கும் தாமதித்ததில்லை.

தெருவில் அவளுக்குப் பளிங்கு என்று பெயர். அவள் வீட்டு மொசைக் தரையில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. அது புகழ்ச்சியா கேலியா என்பது சொல்கிற வாயைப் பொறுத்தது. செருப்பை வாசலில் விட்டால் போதாது, பாதத்தையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எதிர்ப்பக்கத்து மாடிவீட்டம்மா சொல்வாள். மாடிவீட்டம்மாவுக்குத் துணி காயப்போட ஒரு மணி நேரம் ஆகும். இரண்டே இரண்டு துண்டுதான், ஆனால் பளிங்கு வீட்டு ஜன்னல் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் பளிங்கு பதினொரு வருஷம் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவள். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் செம்புக் கம்பி சுற்றுவது, கார்பன் மாட்டுவது, கடைசியில் ஓட்டிப் பார்த்து முத்திரை குத்துவது. அவள் கை பட்ட மோட்டார் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொன்னதுண்டு. அந்தப் பெருமையோடு புகுந்த வீட்டுக்கு வந்தவளை முதல் வாரத்திலேயே கணவரின் அக்கா ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை மூக்குக்கு நேரே நீட்டி வரவேற்றாள்.

"மோட்டார் கம்பெனியில இருந்தவளுக்குத் திருகாணி தெரியும். தூசி தெரியுமாம்மா?"

அந்த அக்கா டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றைக்கூட வெளியே விடாத அழுத்தக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்தாள், லைப்ரரி வேலையில் உட்கார வைத்தாள், கடைசியில் இந்தச் சிவப்பு மெஷினையும் வாங்கித் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு வீடு பளிங்காகிவிட்டது. விரல் மட்டும் ஓயவில்லை.

பிறகு ஒரு நாள் அந்த விரல்களில் பாதி ஓய்ந்தன. உடம்பின் இடப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. மிஞ்சியது வலது கை ஒன்றுதான். முன்னறையில் இரும்புக் கட்டில் போட்டார்கள். கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிடக் கையில் ஒரு டீஸ்பூனைக் கொடுத்தார்கள். டெலிபோன்காரி அல்லவா, அந்த நிலைமையிலும் ஒரு ஏற்பாடு செய்தாள். கோணல் எழுத்தில் அவள் எழுதிக் காட்டியதைத் தம்பி பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். ஒரு தட்டு, தண்ணீர். இரண்டு, திருப்பிப் படுக்க வை. மூன்று, பெட்பேன். நான்கு, தம்பியைக் கூப்பிடு.

காலையில் கிளம்புமுன் டீஸ்பூனை அக்காவின் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுத்தான் போவார். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு நாலு தட்டினாளா?"

"இல்லைங்க. ஒண்ணு ரெண்டு மூணோட சரி. உங்க ஞாபகமே அண்ணிக்கு இல்லை போல."

இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் சொல்வாள். கட்டிலில் கிடந்தவளின் கண் மேலே ஒட்டிய காகிதத்துக்குப் போகும், தம்பிக்கு வரும், மறுபடி காகிதத்துக்குப் போகும். தம்பிக்கு முகம் வாடும். பளிங்குக்கு அன்றைய தினம் இனிதே முடியும்.

உண்மையில் நாலு தினமும் உண்டு. முதல் முறை தற்செயல்தான். கூடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தட்டியிருக்கிறாள், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு நேரம் கேட்காமல் இருந்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்று. அன்றிலிருந்து தட்டல் ஆரம்பித்தால் சுவிட்ச் போடுவாள். பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. பத்தொன்பது மாதம். என்ன சுத்தம், என்ன சுத்தம் என்று தெரு மெச்சியது.

கடைசி நாளில் மத்தியானம் ஒரு மணிக்கு நாலு தட்டல் ஆரம்பித்தது. வழக்கமாகச் சோர்ந்து நிற்கும் கை அன்று நிற்கவில்லை. நாலு, இடைவெளி, நாலு. சுவிட்சைப் போட்டாள். பத்து நிமிஷம் கழித்து நிறுத்தினாள். நாலு. மறுபடி போட்டாள். கூடம், சமையலறை, நடை, மறுபடி கூடம், சுத்தமான இடத்தையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தாள். நாலு மணிக்கு மெஷின் கருகல் வாடையோடு தானே நின்றது. தட்டலும் இல்லை. அந்த அமைதியில் அவள் சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். நல்ல தாகம். பிறகுதான் முன்னறையை எட்டிப் பார்த்தாள்.

கணவரிடம், "பத்து நிமிஷம் மாடிக்குப் போனேங்க, வர்றதுக்குள்ள அமைதியாப் போயிட்டாங்க" என்று சொன்னாள். மெஷின் போன வாரமே கெட்டுவிட்டது என்றும் ஒரு வார்த்தை சேர்த்து வைத்தாள். அந்த மனுஷன் அழுதுகொண்டே வீடெல்லாம் டீஸ்பூனைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் இல்லை, மெத்தைக்குள் இல்லை. இன்றைக்கு வரை கிடைக்கவில்லை. அதை மட்டும் பளிங்கு எடுக்கவில்லை, சத்தியமாக.

எல்லாம் அடங்கிப்போன நேரத்தில்தான் மாடிவீட்டம்மா வாயைத் திறந்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மெச்சிப் பேசத்தான். இன்று காலை சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா போன அன்னைக்குக்கூட மத்தியானம் பூரா நீ மெஷின் போட்டு வீடு கூட்டிட்டு இருந்தியாம். மாடிவீட்டம்மா சொல்றாங்க. மெஷின் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சுன்னியே?"

"அவங்களுக்கு மிக்ஸி சத்தமும் ஒண்ணுதான், மெஷின் சத்தமும் ஒண்ணுதான்."

"மூணு மணி நேரமா மிக்ஸி ஓடும்?" கோபமில்லாத குரல். புத்தகத்தை அதன் அடுக்கில் வைக்கிற குரல். "சரி, சாயங்காலம் கருகல்கிட்ட கொண்டுபோய்க் காட்டறேன். அக்கா வாங்கினது, சும்மா எதுக்குக் கிடக்கணும்?"

கருகல் என்பது தெருமுனை மெக்கானிக்கின் பட்டப்பெயர். மோட்டாரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தால், எத்தனை நாளைக்கு முன்னால், எவ்வளவு நேரம் ஓடி, எதனால் போயிற்று என்று ஜோசியம்போலச் சொல்வான். கேட்காதவர்களுக்கும் சொல்வான். 'நிறுத்தாம மூணு மணி நேரம் ஓட்டிக் கொன்னிருக்காங்க சார்' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆகவே ஐந்தரை மணிக்குள், அவர் வருவதற்குள், மோட்டார் சுத்தமாகிவிட வேண்டும். கருகிய கார்பன் போய்ப் புதியது வர வேண்டும், வாடை போக வேண்டும், மெஷின் ஓட வேண்டும். 'சும்மா ஒரு வயர் விட்டிருந்ததுங்க' என்று சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். முதலில் தூசிப் பையை எடுத்தாள். அன்றைக்கே அதைக் குப்பையில் உதறி, வெறும் பையைத்தான் திரும்ப மாட்டியிருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது. இப்போது பை கனத்தது. வாயைப் பிரித்தபோது, வீட்டுத் தூசி இல்லை, மாவுபோல வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, வலித் தைலமும் முகப்பவுடரும் நாள்பட்ட படுக்கையும் கலந்த வாடையோடு மெல்ல மூச்சு விட்டதுபோல எழும்பி அவள் மேலுதட்டில் படிந்தது. துடைத்துக்கொண்டாள். பையைச் சுருட்டி ஒதுக்கினாள். மறந்திருப்பேன், உதறாமலே மாட்டியிருப்பேன்.

மோட்டாரின் இரண்டு பாதிகளையும் பிரித்தாள். கார்பன் இரண்டும் தேய்ந்து அரிசி மணி அளவுக்கு வந்திருந்தன. கார்பன் உரசுகிற செம்புப் பட்டைகள் அடுப்புச் சட்டியாகக் கறுத்திருந்தன. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆர்மேச்சரை வெளியே உருவியபோதுதான், பேரிங்குக்குப் பக்கத்தில், வெளிக்காற்றுகூட நேராக நுழைய முடியாத இடத்தில், தண்டைச் சுற்றி வெள்ளையாக எதையோ பார்த்தாள்.

முடி. நீளமான நரைமுடி.

மோட்டாரில் முடி சுற்றுவது அதிசயமில்லை, ஆயிரம் பார்த்திருக்கிறாள். ஆனால் மெஷின் இழுத்த முடி தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். இது சிக்கவில்லை. ஒன்றையொன்று ஒட்டி, ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை, இடைவெளி விடாமல், கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தது. முனையில் ஒரு முடிச்சு. இரண்டு மடிப்பு, உள்ளே ஒரு இழுப்பு. அந்த முடிச்சு அவளுடையது. கம்பெனியில் வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

பிளேடால் கிழித்தாள். வேகமாக.

மாடிவீட்டம்மா கண்ணில் படாமல் கூடத்து ஜன்னலைச் சாத்தினாள். கூடம் மங்கியது. பெட்ரோலில் நனைத்த பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தாள், உப்புத்தாளால் செம்பைப் பளபளக்க வைத்தாள், பட்டைகளுக்கு இடையில் அடைந்திருந்த கரியை ஹாக்ஸா பிளேடின் முனையால் ஒவ்வொரு கோடாகக் கீறி எடுத்தாள். வேலை கைக்கு வந்ததும் பயம் கொஞ்சம் விலகிற்று. பழைய மிக்ஸியின் கார்பனை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தாள். பேரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். ஆர்மேச்சரை உறைக்குள் நிறுத்தி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

டக்.

பேரிங்கில் மண் இருக்கும். இன்னொரு சுற்று.

டக், டக்.

கார்பன் இன்னும் மாட்டவில்லை. உரச எதுவும் இல்லை. மூன்றாவது சுற்று சுற்றினாள். மூன்று. கையை எடுத்தாள். ஆர்மேச்சர் தானே மெதுவாகப் புரண்டது, படுக்கையில் புரள்கிற மாதிரி.

நாலு.

மணி மூன்றரை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார நேரமில்லை. கார்பனை மாட்டினாள், வயர்களைச் சேர்த்தாள், திருகாணிகளை முடுக்கினாள். அவசரத்தில் ஒரு தவறு செய்தாள். கழற்றுமுன் ஒரு வயரில் அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். கம்பெனியில் முதல் நாள் சொல்லித் தருவது அதுதான். பதினொரு வருஷம் தவறாமல் கட்டியவள் இன்று கட்டவில்லை. சூட்டில் இரண்டு வயரும் ஒரே பழுப்பு நிறமாகியிருந்தன. ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றில் சேர்த்தாள். மூடியை மாட்டி, குழாயைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் ஓடிற்று. ஆனால் கேட்டவுடனே தெரிந்தது, எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. வயர் மாறிவிட்டது. போகட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் இந்த வகைக் காற்றாடி இழுக்கத்தான் செய்யும், பலம் குறையும், அவ்வளவுதான். ஊதாது. ஊத முடியாது. கருகலுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தாள்.

ஊதியது.

வெதுவெதுப்பாக. விட்டு விட்டு. முதலில் அந்த வழவழத்த மாவு. பிறகு தைல வாடை. பிறகு ஈரம். பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டாரின் இரைச்சல் நின்றது. காற்று நிற்கவில்லை. குழாயின் தொண்டையில் எங்கேயோ ஆழத்தில் ஒரு கரகரப்பு ஏறி ஏறி வந்து, அவள் மடியில் எதையோ துப்பியது.

டீஸ்பூன். காம்பு வளைந்திருந்தது.

வடிகட்டியைத் தாண்டிக் காற்றுதான் வரும். டீஸ்பூன் வராது. அவள் அதைத் தொடவில்லை. குழாயிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. இரும்பில் எஃகு படுகிற சத்தம். ஒன்று. ஒன்று. இரண்டு. பத்தொன்பது மாதமாக மெஷின் விழுங்கியது முழுவதும், விழுங்கிய வரிசையில். குழாயைப் புடவையால் அடைத்தாள். தலையணையை அழுத்தினாள். மேலே ஏறி உட்கார்ந்தாள். வீடு முழுக்கத் தட்டியது.

வாசல் கதவு திறந்தது.

மணி நாலுதான். இருபது வருஷத்தில் அவர் ஒரு நாளும் நாலு மணிக்கு வந்ததில்லை.

"மாடிவீட்டம்மா போன் பண்ணாங்க. வீட்டுல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்கன்னு."

"அது... பேரிங்குங்க. பேரிங் போயிடுச்சு."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு தட்டு வந்தது. நேரே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, முன்னறையில் காலிக் கட்டிலின் பக்கத்தில் வைத்தார். இரண்டு தட்டு. கட்டிலில் கிடந்த தலையணையைத் திருப்பிப் போட்டார். பழகிய கை. பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

நாலு.

"ஒரு நாளும் தட்டலைன்னியே."

நாலு. நாலு. நாலு. அவர் உதடு அசைந்தது. எண்ணினார். முன்னறை ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், இடது கால் கேட்கவில்லை. மரத்துப் போயிருக்கும். உட்கார்ந்தே இருந்தால் மரத்துப் போகும். நாலு. தளர்ந்து நாலு. மூன்றும் ஒரு உரசலும்.

பிறகு நின்றது.

அந்த அமைதியும் குழாயிலிருந்துதான் வந்தது. அந்த அமைதிக்குள், தெளிவாக, பக்கத்தில், யாரோ தண்ணீர் குடித்தார்கள். மடக். மடக். மடக். நல்ல தாகம்.

அவர் மெதுவாகத் திரும்பி அவள் தொண்டையைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது தயாராக இருந்தது. மாடியில் இருந்தேன். பத்து நிமிஷம். வாயைத் திறந்தாள். வார்த்தை உதட்டைத் தாண்டியதும் காணாமல் போயிற்று. குழாய் இப்போது இழுத்துக்கொண்டிருந்தது. சரியான பக்கம். நல்ல பலத்தோடு. இன்னொரு வார்த்தை. அதுவும் போயிற்று. வாயின் இடது ஓரம் வழுக்கி இறங்கியது. எச்சில் கழுத்துக்கு வந்தது. துடைக்க இடது கை வரவில்லை.

அவர் எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் விழுந்து கிடந்த டீஸ்பூனை எடுத்து, வளைந்த காம்பைத் தன் முழங்காலில் வைத்து நிமிர்த்தினார். அவள் வலது கைக்குள் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். அக்காவுக்குத் தினமும் காலையில் செய்ததுபோலவே, அவ்வளவு பதமாக.

பிறகு பிளக்கைச் செருகினார். குழாயைக் கையில் எடுத்தார்.

அவள் தட்டினாள். பளிங்காய் மின்னும் தரையில், பலமெல்லாம் சேர்த்து. நாலு. கூப்பிட வேண்டிய ஆள் எதிரிலேயே குனிந்து, கூடத்தை மூலையிலிருந்து வரிசை வரிசையாகச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். அவள் பக்கம் வந்ததும், தட்டுகிற கையைத் தூக்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடியிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்.